வளரும் செம்மறிக் குட்டிகளுக்குத் தாது உப்பு: தூளா, கட்டியா, குடிமருந்தா, போலஸா?

குட்டிகளுக்குச் செம்பு, கோபால்ட், செலினியம், துத்தநாகம், அயோடின் போன்ற நுண்தாதுக்களைத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொருட்கள் நான்கு வடிவங்களில் வருகின்றன. தீவனத்தில் கலக்கும் தூள், நக்குவதற்கான கட்டி, வாயில் புகட்டும் திரவம், தொண்டைக்குள் இறக்கும், வயிற்றில் தங்கி மெல்லச் சத்தை விடும் பெரிய மாத்திரையான போலஸ். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தாயிடமிருந்து பிரித்த பிறகு கொட்டகையில் அடர்தீவனம் தின்று வளரும் குட்டிக்கு, செம்மறிக்கென்றே தயாரித்த தூள்தான் சரி. மேய்ச்சலை மட்டுமே நம்பி வளரும் குட்டிக்குக் குடிமருந்து. பற்றாக்குறை என்று பரிசோதனையில் தெரிந்த மந்தைக்கு மட்டும் போலஸ். குட்டிகளைப் பொறுத்தவரை கட்டிக்குக் கடைசி இடம். "அனைத்துக் கால்நடைகளுக்கும்" என்று அச்சிட்ட எதுவும் வேண்டாம், அது எந்த வடிவத்தில் வந்தாலும்.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் செம்பு. மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் ஒத்துக்கொள்ளும் செம்பு அளவு செம்மறியைக் கொல்லும். மற்ற விலங்குகள் மிஞ்சிய செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். செம்மறியின் கல்லீரல் அதை வெளியேற்றுவதில் மிகவும் மந்தம். வந்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. குட்டி நன்றாகத் தின்னும், எடையும் கூடும். பிறகு ஒருநாள் லாரிப் பயணம், தீவன மாற்றம், கடுங்குளிர், பட்டினி என்று ஏதாவது ஒரு நெருக்கடி வரும்போது, கல்லீரல் மொத்தச் செம்பையும் ரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடையும். கண்ணின் வெள்ளைப்பகுதியும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீர் அடர்சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போகும். அதிலிருந்து ஓரிரு நாளில் சாவு. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் நீலங்கலந்த கருமையில், துப்பாக்கி இரும்பின் நிறத்தில் இருக்கும். ஒரு குட்டி இப்படிச் செத்தால், அதே தொட்டியில் தின்ற மற்றவற்றின் கல்லீரலும் நிரம்பித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அன்றே தீவனத்தை மாற்ற வேண்டும். மாலிப்டினம் கொடுத்துச் செம்பைக் குறைக்கும் சிகிச்சைக்குக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

எவ்வளவு செம்பு தேவை, எவ்வளவு தாண்டினால் ஆபத்து? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1985இல் வெளியிட்ட செம்மறி அட்டவணை, தீவனத்தின் ஒரு கிலோ உலர்பொருளில் (ஈரம் நீக்கிய எடையில்) 7 முதல் 11 மில்லிகிராம் தேவை என்றும், 25 மில்லிகிராம் தாங்கும் எல்லை என்றும் சொல்கிறது. தேவைக்கும் விஷத்துக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி அந்த அட்டவணையில் வேறு எந்த நுண்தாதுவுக்கும் இல்லை. துத்தநாகத்துக்கு 20–33 தேவை, 750 எல்லை, கோபால்ட்டுக்கு 0.1–0.2 தேவை, 10 எல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறாராக, 12 விழுக்காடு ஈரமுள்ள செம்மறி முழுத்தீவனத்தில் மொத்தச் செம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. அதிலும் இந்த எண்கள் மாலிப்டினத்தைப் பார்க்காமல் பொருள் தராது. முதல் இரைப்பையில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் தயோமாலிப்டேட் செம்பைப் பிடித்துக்கொள்ளும். குடலுக்கு வரும் செம்பு உடலில் சேராமல் சாணத்தோடு போய்விடும். தீவனத்தில் செம்புக்கும் மாலிப்டினத்துக்கும் விகிதம் 6க்கு 1 முதல் 10க்கு 1 வரை இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால், செம்பின் அளவு சாதாரணமாகவே தெரிந்தாலும் கல்லீரலில் சேரும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் பற்றாக்குறை. அடர்தீவனம் அதிகம் தின்னும் குட்டிக்கு மாலிப்டினம் குறைவாகவே கிடைக்கும் என்பதால், செம்பு விஷம் மேய்ச்சல் மந்தையைவிடக் கொட்டகையில்தான் அதிகம் வருகிறது.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பால் மட்டும் குடிக்கும் குட்டி, பாலில் உள்ள செம்பில் 70 முதல் 85 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரைப்பை வேலை செய்யத் தொடங்கிய பிறகு அது 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பால்குட்டிக்கு வைக்கும் தொடக்கத் தீவனத்தில் மாட்டுக் கலவையைச் சேர்ப்பது ஏன் இரட்டை ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும். இனமும் முக்கியம். டெக்ஸல் போன்ற இனங்கள் செம்பை வேகமாகச் சேர்க்கும். ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் மெதுவாகத்தான் சேர்க்கும். ஒரே மூட்டையைத் தின்ற இரண்டு மந்தைகளில் ஒன்றில் மட்டும் சாவு விழுவதற்கு இது போதும்.

இனி மூட்டையைத் திருப்பி லேபிளைப் படிப்போம். முதல் சிக்கல் அலகு. ஒரு நிறுவனம் விழுக்காட்டில் போடும், இன்னொன்று பிபிஎம்மில், அதாவது கிலோவுக்கு மில்லிகிராமில் போடும். 1 விழுக்காடு என்றால் 10,000 பிபிஎம். "செம்பு 0.15%" என்று பார்க்கும்போது சொற்பமாகத் தெரியும், அது 1,500 பிபிஎம். இரண்டாவது சிக்கல், தனிமத்தின் அளவா, சேர்மத்தின் அளவா என்பது. "செம்பு சல்பேட் 0.6%" என்று எழுதியிருந்தால், மயில்துத்தத்தில் செம்பு கால் பங்குதான் என்பதால் அதுவும் அதே 1,500 பிபிஎம் செம்புதான். துத்தநாக சல்பேட் மோனோஹைட்ரேட்டில் துத்தநாகம் ஏறத்தாழ 35 விழுக்காடு, சோடியம் செலினைட்டில் செலினியம் 45 விழுக்காடு. தனிம அளவைப் போடாமல் சேர்மத்தின் பெயர்களை மட்டும் அடுக்கும் லேபிள், வாங்குகிறவர் கணக்குப் போடக்கூடாது என்று நினைக்கிறது. அந்த மூட்டையை வைத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு குட்டி ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தின்றால் இந்த எண்கள் பொருந்தும் என்பதுதான் அது. 30 கிலோ எடையுள்ள குட்டி ஒன்று நாளைக்கு 1.2 கிலோ உலர்பொருள் தின்கிறது, அதில் 8 கிராம் தாதுத்தூள் என்று வைத்துக்கொள்வோம். செலினியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வேண்டும் என்றால் நாளைக்கு 0.24 மில்லிகிராம், தூளில் 30 பிபிஎம் இருந்தால் தீவனத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தேவை முழுதும் கிடைத்துவிடும். கோபால்ட்டுக்கு 15 முதல் 30 பிபிஎம். அயோடினுக்கு 75 பிபிஎம் இருந்தால் 0.6 மில்லிகிராம் கிடைக்கும். அதாவது கிலோவுக்கு 0.5. துத்தநாகத்துக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வேண்டும். தீவனம் கிலோவுக்கு 20 வீதம் 24 தந்தால் மீதி 16க்கு 2,000 பிபிஎம் தூள் போதும். இப்போது அதே 8 கிராமை, 1,500 பிபிஎம் செம்புள்ள மாட்டுக் கலவையிலிருந்து போட்டுப் பாருங்கள். கலவையிலிருந்து 12 மில்லிகிராம், கிலோவுக்கு 7 வீதம் தீவனத்திலிருந்து 8.4, மொத்தம் 20.4. கிலோவுக்கு 17 மில்லிகிராம் ஆகிறது. 12 விழுக்காடு ஈரமுள்ள தீவனமாகக் கணக்கிட்டால் இது 15; ஐரோப்பிய எல்லையைத் தொட்டாயிற்று. குட்டி 8 கிராமோடு நிறுத்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

"செம்பு சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட்ட தூள் செம்மறிக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் அந்த வரி, தூளில் செம்பே இல்லை என்று சொல்லவில்லை. பாஸ்பேட், சுண்ணாம்புத்தூள் வழியாகக் கொஞ்சம் இருக்கும். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை தூளுக்கு வெளியே இருக்கிறது. எண்ணெய்ப்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, கோழி எரு கலந்த தீவனம், பன்றிப் பண்ணைக் கழிவு இட்ட புல், மாட்டுக்கான அடர்தீவனம் ஆகிய நான்கும் செம்பைக் கொண்டுவரும். தூளை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இவற்றைத் தொட்டியில் கொட்டினால் பயனில்லை. மோனென்சின் என்ற தீவன மருந்து சேர்த்த தீவனம் என்றால் செம்பு உடலில் தங்குவது இன்னும் கூடும்.

மறுபக்கமும் உண்டு. மாலிப்டினம் மிகுந்த நிலத்தில், அல்லது இரும்பும் கந்தகமும் நிறைந்த நீர் குடிக்கும் மந்தையில், செம்பு இல்லாத தூளைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கம்பளி சுருள் இழந்து நூல் போலத் தொங்கும், கறுப்பு ரோமம் வெளிறும், சினையில் செம்பு கிடைக்காத தாயின் குட்டி பின்னங்காலை ஊன்ற முடியாமல் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் வந்த பிறகு குணமாகாது. நரம்பின் உறை கருவிலேயே கெட்டிருக்கும். ஆகவே செம்புள்ள கலவை வேண்டுமா என்பதைக் கடைக்காரரோ பக்கத்துப் பண்ணைக்காரரோ முடிவு செய்ய முடியாது. கல்லீரல் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும்.

தூளைப் பற்றி இன்னும் கொஞ்சம். தரமான தூளும் தவறாகக் கலந்தால் வீண். 100 கிலோ அடர்தீவனத்துக்கு 1 கிலோ தூள் என்றால், அதை நேராகக் குவியலில் கொட்டக்கூடாது. முதலில் 10 கிலோ அரைத்த தானியத்தோடு நன்றாகக் கலந்து, அந்தக் கலவையை மீதி 90 கிலோவில் பரப்பிப் புரட்ட வேண்டும். 800 கிராம் தின்னும் குட்டிக்கு அப்போது 8 கிராம் போய்ச் சேரும். தூளும் தானியமும் ஒரே பருமனில் இருக்காது என்பதால் தொட்டி அடியில் மாவாகப் படியும். மேலிருப்பதைத் தின்னும் குட்டிக்குக் குறைவு, அடியை நக்கும் குட்டிக்கு மிகை. 2 அல்லது 3 விழுக்காடு வெல்லப்பாகு சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். தொட்டி அடியில் சாம்பல் நிற மாவு மிஞ்சினால் கலவை சரியில்லை என்று பொருள், குட்டிக்குப் பிடிக்கவில்லை என்று அல்ல. தூளைத் தனியாகப் பெட்டியில் வைத்து விருப்பம்போல் தின்ன விடுவது எளிது. ஆனால் குட்டிக்குக் குட்டி தின்னும் அளவு தாறுமாறாக மாறும். குட்டி தேடுவது உப்பை, செலினியத்தை அல்ல. உப்பு நீர் குடிக்கும் மந்தை அந்தப் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காது.

கொட்டகைக் கிடாக் குட்டிகளுக்கு வாங்கும்போது பாஸ்பரஸ் வரியையும் பாருங்கள். தானியத்திலேயே பாஸ்பரஸ் ஏராளம். தூளிலும் அள்ளிப்போட்டால் சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும். மொத்தத் தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் 2க்கு 1 ஆக இருக்க வேண்டும். கறவை மாட்டுக்கான கலவை செம்பில் தப்பித்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கட்டி. குட்டியின் நாக்கு சிறியது, மென்மையானது. மாட்டு நாக்குக்காக அழுத்தி வார்த்த கட்டியில் அது நாளெல்லாம் நக்கினாலும் சில கிராம் தேறாது. தாய் ஆடுகள் முன்னால் நிற்கும்போது அதுவும் கிடைக்காது. மழையில் வைத்தால் கரைந்து, அடியில் தேங்கிய சாற்றைக் குடிக்கும் குட்டிக்கு உப்பு விஷமாகும். சிவப்பு நிறம் சத்துக்கு அடையாளம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, உடலில் ஏறக்குறைய ஒன்றும் சேராது. இரும்பு பொதுவாக மண்ணிலும் புல்லிலும் வேண்டிய மட்டும் உண்டு. மண்படாத தரையில் பால்மாவை மட்டும் குடித்து வளரும் குட்டிகளுக்கே அது குறையும். யூரியா சேர்த்த வெல்லப்பாகுக் கட்டியை முதல் இரைப்பை முதிராத குட்டிகள் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

குடிமருந்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கக் காரணம் கோபால்ட். கோபால்ட்டைக் கொண்டு முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகள் வைட்டமின் பி12 செய்கின்றன. தீவனம் நொதித்து உண்டாகும் புரோப்பியோனேட்டைச் சர்க்கரையாக்க அந்த பி12 வேண்டும். அது இல்லாவிட்டால் புல் வயிறு நிறைய இருந்தும் குட்டி பட்டினி கிடக்கும். தாயைவிட வளரும் குட்டிக்குத்தான் தேவை அதிகம், சேமிப்பும் குறைவு. கண்ணிலிருந்து நீர் வழிந்து முகம் நனைந்திருக்கும், காது நுனி உரியும், எடை நின்றுவிடும், ஈறு வெளிறும். ஆஸ்திரேலியாவில் 1935இல் இந்தக் காரணம் கண்டுபிடிக்கப்படும்வரை, இரும்புக் கனிமம் கொடுத்தால் ஆடு தேறுவதைப் பார்த்து இரும்புக்குறை என்றே நினைத்திருந்தார்கள்; குணப்படுத்தியது அந்தக் கனிமத்தில் மாசாகக் கலந்திருந்த கோபால்ட். உடலில் கோபால்ட் பயன்படும்படி தங்காது என்பதால் ஒருமுறை புகட்டினால் போதாது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். மூன்று மாத இடைவெளியை லேபிளில் போடும் திரவத்தை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு அதிகம் இட்ட நிலத்தில் புல்லுக்குக் கோபால்ட் ஏறாது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஆனால் இதே அறிகுறிகளைக் குடற்புழுவும் தரும். சாணத்தில் புழு முட்டை எண்ணிப் பார்க்காமல் கோபால்ட் வாங்குவது முறையல்ல. இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. புழுநீக்க மருந்துகள் சிலவற்றில் செலினியமும் கோபால்ட்டும் சேர்த்தே வருகின்றன. அதைப் புகட்டிய அன்றே தாதுத் திரவமும் புகட்டி, செலினியம் ஊசியும் போட்டால் மூன்று வழியாகச் செலினியம் ஏறும். ஊசி வழியாக உடல் எடையில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமை ஒட்டிய அளவே குட்டிகளைக் கொன்றிருக்கிறது. 10 கிலோ குட்டிக்கு 4 மில்லிகிராம்தான். மூச்சில் பூண்டு வாடை, மூச்சுத்திணறல், சில மணிநேரத்தில் சாவு. ஊசி மருத்துவர் கையிலேயே இருக்கட்டும் என்பது அதனால்தான். குட்டியை எடை போடாமல் கண்ணளவில் போடும் ஊசி இதுவல்ல.

செலினியம் குறைந்தாலும் விட்டுவைக்காது. வேகமாக வளரும் நல்ல குட்டிதான் முதலில் விழும்: முதுகு வளைந்து, கால் விறைத்து, எழ முடியாமல் கிடக்கும், இதயத் தசை பாதித்திருந்தால் ஓடும்போதே சாயும். அறுத்தால் இருபுறத் தொடைத் தசையிலும் சுண்ணாம்பு பூசியது போல வெண்கோடுகள். வைட்டமின் ஈயும் சேர்ந்து இருந்தால்தான் செலினியம் முழுப் பலன் தரும். பழைய வைக்கோலிலும் நீண்டநாள் சேமித்த தானியத்திலும் வைட்டமின் ஈ அழிந்திருக்கும். அதனால் இரண்டும் உள்ள தயாரிப்பு என்றால் கூடுதல் மதிப்பெண். உப்பு வடிவான செலினைட்டா, செலினியம் ஏற்றி வளர்த்த ஈஸ்டா? சினையாட்டுக்கு ஈஸ்ட், அது பால் வழியாகவும் குட்டிக்கு நன்றாகப் போகும். பிரித்த குட்டிக்குச் செலினைட் போதும். அமெரிக்க விதிப்படி செம்மறியின் முழுத்தீவனத்தில் சேர்க்கும் செலினியத்துக்கு மேல்எல்லை 0.3 பிபிஎம்.

துத்தநாகத்தில் சல்பேட் வடிவம் ஆக்சைடைவிட நன்றாகச் சேரும். தோல் தடித்து வெடிப்பது, குட்டிகள் ஒன்றின் கம்பளியை ஒன்று கடிப்பது, கிடாக் குட்டியின் விரை வளராதது ஆகியவை துத்தநாகக் குறையின் அடையாளங்கள். கிடாவுக்குக் கிலோவுக்கு 33 மில்லிகிராமை நோக்கியே கணக்கிட வேண்டும். செம்பு சேர்க்காத கலவைக்கு "கீலேட்" (அமினோ அமிலம் போன்ற கரிமப் பொருளோடு பிணைத்த தாது) என்று கூடுதல் விலை கேட்டால், எந்தத் தாது கீலேட் என்று கேளுங்கள். மாங்கனீசு கீலேட்டுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை, செம்மறிக்கு அது குறைவது அரிது. அயோடினில் கால்சியம் அயோடேட் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்; பொட்டாசியம் அயோடைடு ஈரத்திலும் வெயிலிலும் பறந்துவிடும். முட்டைக்கோஸ், கடுகு இனப் பயிர்களை மேயும் மந்தைக்கு அயோடின் அவசியம்.

போலஸ் நல்ல கருவி, ஆனால் தவறான இடத்தில் பயன்படுத்தப்படுவது அதிகம். கரையும் கண்ணாடி வகை, முதல் இரைப்பையில் தங்கி மாதக்கணக்கில் செம்பு, கோபால்ட், செலினியம் மூன்றையும் விடும். மூன்றும் குறைந்த மேய்ச்சல் மந்தைக்குப் பிரமாதம். அடர்தீவனம் தின்னும் கொட்டகைக் குட்டிக்குச் செம்பை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம்; திரும்ப எடுக்க வழியில்லை. ரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் புழுவுக்காகக் கொடுக்கும் செம்பு ஆக்சைடு ஊசித்துகள் குளிகையும் செம்புக் கணக்கில்தான் வரும். லேபிளில் சொன்ன குறைந்தபட்ச எடைக்குக் கீழே உள்ள குட்டிக்குப் போடக்கூடாது. போடும்போது தலையைத் தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். குழலை வாயின் ஓரத்தில் நுழைத்து, நாக்கின் முதுகைத் தாண்டியதும் குட்டி விழுங்கும் அசைவைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். தொண்டையில் இடித்துத் தள்ளினால் பின்சுவர் கிழிந்து சீழ் பிடிக்கும். முடிந்ததும் தரையில் துப்பிக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பலித்ததா என்று அறிய ரத்தத்தை மட்டும் நம்ப முடியாது. கல்லீரல் நிரம்பி வழியும் நிலையிலும் ரத்தச் செம்பு சாதாரணமாகவே காட்டும். அறுப்புக்குப் போகும் குட்டிகளில் சிலவற்றின் கல்லீரலில் 20 முதல் 50 கிராம் துண்டு வெட்டி, சுத்தமான பிளாஸ்டிக் பையில் ஐஸில் வைத்து அனுப்பலாம். தாதுப் பரிசோதனைக்குப் போகும் துண்டை ஃபார்மலினில் போடக்கூடாது. துத்தநாகம் பார்க்க ரத்தம் எடுத்தால் சாதாரண ரப்பர் மூடிக் குழாய் வேண்டாம், ரப்பரிலிருந்தே துத்தநாகம் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். நுண்தாதுக்கென்றே வரும் கருநீல மூடிக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.